வலது கையை மட்டும் நிறுத்தாதீர்கள் அண்ணாச்சி

பேட்டையிலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். வயது 49. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற வேலை. மகளுக்கு வாங்கிக் கொடுத்த யுகுலேலே, குட்டிக் கிட்டார் மாதிரி நாலு கம்பிக் கருவி, இரண்டு வருடமாக பீரோ மேல் கிடக்கிறது, மகள் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள். ஐப்பசியில் அம்மாவுக்கு எழுபது நிறைகிறது. அன்றைக்கு அம்மா பேரப்பிள்ளைகளைத் தூங்கவைத்த தாலாட்டைப் பாட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டுமாம். சங்கீதம் தெரியாது, விரல் தடிமன், சொல்லித்தர ஆள் இல்லை, ஆறு மாதத்தில் நடக்குமா என்கிறார்.

நடக்கும் அண்ணாச்சி. ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம் வேறு, உண்மையில் இடிக்கிற இடம் வேறு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு அம்பாசமுத்திரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. செம்புக் கம்பி இழுத்து இழுத்து வலது ஆட்காட்டி விரலில் ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது, நகத்தடியில் வார்னிஷ் கறை போகவே போகாது. 36 வயதில் ஆரம்பித்தேன், இப்போது 45. இடையில் எங்கள் தெருவிலும் கல்லிடைக்குறிச்சியிலுமாக என் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேருக்குக் கைகாட்டி விட்டிருக்கிறேன். ஒரு கொத்தனார், தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற ஒரு அக்கா, அப்பளம் போடுகிற ஒருவர், இப்படி. விரல் தடிமனால் விட்டுவிட்டவர் இவர்களில் ஒருவர்கூட இல்லை. விட்டவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் ஒரே காரணத்துக்காக விட்டார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

விரல் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சதையைப் படுக்கவைத்து அழுத்தினால் எந்த விரலும் தடிமன்தான், பக்கத்துக் கம்பியைத் தொட்டு ஊமையாக்கிவிடும். இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, விரல் மடங்கி நுனியில் நிற்கிற மாதிரி, ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டினாற்போல் அழுத்துங்கள். ஃப்ரெட் என்பது வேறொன்றுமில்லை, வீணையில் மெட்டு என்கிறோமே, அதே வேலை செய்கிற உலோகப் பட்டை. அதன்மேலேயே வைத்தால் சத்தம் மங்கும், அதிலிருந்து தள்ளி வைத்தால் கர் என்று அதிரும். உங்கள் மகளுடையதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து பாருங்கள். 21 அங்குலம் இருந்தால் சோப்ரானோ, 23 என்றால் கான்செர்ட், 26 என்றால் டெனர். சோப்ரானோவில் டி கார்டுக்கு, கார்ட் என்றால் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கிற பிடி, மூன்று விரலை ஒரே கட்டத்துக்குள் நெருக்க வேண்டியிருக்கும், உங்கள் கைக்கு அது கஷ்டம்தான், ஆனால் ஒரே விரலைப் படுக்கப்போட்டு மூன்று கம்பியையும் அழுத்தித் தப்பிக்கலாம். நாலு மாதம் தாண்டியும் ஆசை இருந்தால் கான்செர்ட் வாங்குங்கள். இப்போதே கடைக்கு ஓடாதீர்கள், வாங்குகிற சந்தோஷத்திலேயே பாதி ஆசை தீர்ந்துபோகிற ஆட்கள் நாம்.

அதற்கு முன்னால் அந்தக் கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வருடம் பீரோ மேல், அதுவும் தகரக் கூரையோ மொட்டைமாடிக்குக் கீழோ என்றால் சித்திரை வெயிலை இரண்டு தடவை பார்த்திருக்கும். கம்பிகள் வந்து முடிகிற கட்டை இருக்கிறதே, வீணைக்காரர்கள் குதிரை என்பார்கள், இதில் அதை பிரிட்ஜ் என்கிறோம், அதன் பின்விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. அடுத்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பாருங்கள், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அழுத்துவது வேதனை. கடைசியாக ஒரு கம்பியைச் சும்மா மீட்டிவிட்டு அதே கம்பியைப் பன்னிரண்டாவதில் அழுத்தி மீட்டுங்கள்: கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் மாதிரி ஒன்றோடொன்று உட்கார வேண்டும். உட்காராமல் கடித்தால், முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள், அப்புறமும் கடித்தால் அந்தக் கருவியோடு மல்லுக்கட்டாதீர்கள். சுருதி சேராத கருவியில் பழகுகிறவனுக்குத் தன் காதுதான் கெட்டது என்று தோன்றும், அதைவிட அநியாயம் இல்லை.

கம்பி எப்படியும் மாற்றத்தான் வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை, என் கைக்காசு போட்டுக் கற்றது. எனக்கு ஒரு கம்பி அறுந்தபோது ஒரு கடையில் கேட்டேன். அவர் கிட்டார் கம்பியை எடுத்துக் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் தம்பி, இது அறுந்தே போகாது என்றார். அறுந்துபோகத்தான் இல்லை. அது இரும்புக் கம்பி. பத்துப் பன்னிரண்டு நாளில் பிரிட்ஜையே மேல்பலகையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது. எனக்காவது கடையில் கிளாம்ப் இருந்தது, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஃபெவிகால் வைத்து, ஒரு நாள் முழுக்க இறுக்கிவைத்து ஒட்டிவிட்டேன், இன்றைக்கும் நிற்கிறது. யுகுலேலேயின் மேல்பலகை நைலான் இழுவைக்குச் செய்த மெல்லிசுப் பலகை, எஃகின் இழுவையைத் தாங்காது. அதனால் கேட்டு வாங்குங்கள்: யுகுலேலேக்கான நைலான், அல்லது ஃப்ளோரோகார்பன், அல்லது இத்தாலிக்காரர்களின் அக்விலா. எதைப் போட்டாலும் முதல் நாலைந்து நாள் சுருதி நிற்கவே நிற்காது. புதுக் கம்பி இழுபட்டுக்கொண்டே இருக்கும், பழுது அல்ல. மாட்டியதும் ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மெல்லத் தூக்கி விட்டு, திரும்ப சுருதி கூட்டி, திரும்பத் தூக்கி விட்டால் சீக்கிரம் அடங்கும்.

சுருதிக்கு வருவோம், எனக்கு இந்தக் கருவியில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான். மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் உங்கள் முகத்துக்குக் கிட்ட இருப்பது ஜி, அடுத்து சி, அடுத்து ஈ, தரையைப் பார்த்திருப்பது ஏ. சி என்பது நம் ஊர்ச் சுருதிக் கணக்கில் ஒரு கட்டை. அந்த சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் நாலு கம்பியும் ப, ச, க, த. இதில் ஒரு வேடிக்கை, கிட்டாரில் மேல்கம்பிதான் கனத்த குரலில் இருக்கும், இதில் அந்த ஜி கம்பி சி-க்குக் கீழே உள்ள பஞ்சமம் இல்லை, மேலே உள்ள பஞ்சமம், அதாவது ஈ-க்கும் ஏ-க்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். யுகுலேலேயின் அந்தச் சிரித்த மாதிரியான சத்தத்துக்கு இதுதான் காரணம். போனில் ட்யூனர் செயலி இறக்கிக்கொண்டு யுகுலேலே என்று தேர்வு செய்யுங்கள், கிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். ஜி கம்பி வரவில்லையே என்று திருகிக்கொண்டே போய் அறுத்தவர்கள் உண்டு. ஏற்கெனவே ஜி-யைத் தாண்டி எங்கோ போயிருப்பார்கள். சந்தேகம் வந்தால் கம்பியைத் தளர்த்திவிட்டுக் கீழேயிருந்து மெல்ல ஏறி வாருங்கள், ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டும் ஜி கம்பியும் ஒரே சத்தமாக இருந்தால் சரி.

இது ஹவாய்த் தீவின் கருவி என்பார்கள், பாதிதான் உண்மை. 1879-இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்ச்சுக்கல்லின் மதேய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹொனலுலுவில் போய் இறங்கியவர்களில் மரவேலைக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள், நூனெஸ், டியாஸ், எஸ்பிரிட்டோ சாண்டோ என்று. இங்கேயிருந்து நம் ஆட்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்களே, அதே மாதிரிதான், ஊரிலிருந்து வரும்போது ஊர்க் கருவியையும் அதன் நினைப்பையும் கொண்டுபோனவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பட்டறை போட்டு அங்கே கிடைத்த கோவா மரத்தில் செய்யத் தொடங்கினார்கள், கலாகௌவா ராஜாவுக்கும் அது பிடித்துப்போயிற்று. பெயருக்குப் பொதுவாகச் சொல்லும் அர்த்தம் துள்ளுகிற தெள்ளுப்பூச்சி. வாசிக்கிறவன் விரல் போகிற போக்கைப் பார்த்து வைத்தார்கள் என்பார்கள். நம் விரல் துள்ளுவதற்கு நாளாகும், பரவாயில்லை.

இனி என்னிடம் பழகிப் பாதியில் விட்ட மூன்று பேர் என்றேனே, அவர்கள் விட்ட காரணம். நானும் கிட்டத்தட்ட அதனால்தான் விடப்போனேன். வயதில் பெரியவர்கள் வாசிக்கும்போது தப்பு வந்தால் நிறுத்துவார்கள். ச்சே என்று ஒரு சத்தம். விரலைக் குனிந்து பார்ப்பது. சரியாக வைத்துவிட்டு, திரும்பவும் பாட்டின் முதல் வரியிலிருந்து. மறுபடி அதே இடத்தில் தப்பு, மறுபடி முதல் வரி. ஒரு மாதம் இப்படிப் போனால் என்ன கற்றிருப்பார்கள்? நிறுத்துவதைக் கற்றிருப்பார்கள், அந்த இடம் வந்தாலே கை தானாக நிற்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தச் சங்கடம் கிடையாது, அது தப்பும் தவறுமாக அடித்துக்கொண்டே போகும், அதனால்தான் அது சீக்கிரம் தேறுகிறது. காது கூர்மையோ விரல் மென்மையோ காரணம் இல்லை. நமக்குத் தப்பு பண்ணினால் மானக்கேடு, அதைச் சரிபண்ணிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்போம், அந்த ஒழுங்கு ஜவுளிக்கடைக் கணக்குக்குச் சரி, என் காயில் கணக்குக்கும் சரி, தாளத்துக்கு ஆகாது.

எனக்கு இது விளங்கியது ஒரு கோயில் கொடையில். ஆரம்பித்து நாலு மாதம் இருக்கும், விட்டுவிடலாம் என்றிருந்த நேரம். வீரவநல்லூர் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயிலில் எனக்கு ஜெனரேட்டர் பார்க்கிற வேலை, நடுச்சாமம், வில்லுப்பாட்டு நடக்கிறது. பாட்டு சொல்லுகிற அம்மாவுக்குத் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது, ஒரு வரி போயே போய்விட்டது. குடம் அடிக்கிறவர் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை, கை அது பாட்டுக்கு. பக்கத்திலிருந்தவர் ஒரு ஆமா போட்டார். அந்த அம்மா சோடாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கதை நின்ற இடத்தில் இல்லை, தாளம் வந்துகொண்டிருந்த இடத்தில் ஏறிக்கொண்டார். முன்னால் உட்கார்ந்திருந்த சனத்தில் ஒருவர் தலைகூட அசையவில்லை, எனக்கு மட்டும்தான் ஒரு வரி விழுந்தது தெரியும், அதுவும் நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால்.

வலது கைதான் குடம். மறுநாளிலிருந்து இடது கையை அப்படியே விட்டேன். நீங்களும் முதல் பத்து நாள் இடது கையைக் கம்பிகள் மேல் லேசாகப் போர்த்திவையுங்கள், அழுத்த வேண்டாம், கம்பி பாடக்கூடாது, சக் சக் என்று வந்தால் போதும். வலது ஆட்காட்டி விரலின் நகப்பக்கம் கீழே போகும்போது படட்டும், மேலே வரும்போது சதை படட்டும். வீச்சு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், கையில் ஒட்டிக்கொண்ட தண்ணீரை உதறுகிற மாதிரி. ஓட்டைக்கு நேராக அடிக்காமல் கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் அடித்தால் சத்தம் இனிமை. முதலில் கீழ் மட்டும், நாலு எண்ணி. அப்புறம் கீழ் மேல், தகதிமி. சுவர்க் கடிகாரத்தோடு, சீலிங் ஃபேன் டக் டக் என்றால் அதோடு, எதோடாவது.

கருவியைப் பிடிப்பதும் இதில் சேர்ந்ததுதான். வலது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுப்பகுதியால் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், இடது கை அதைத் தாங்கக்கூடாது. தாங்கினால் அந்தக் கை கார்ட் மாற்ற ஓடாது. நழுவினால் ஒரு வார் போட்டுக்கொள்ளுங்கள், நான் பழைய துணிப்பையின் காதைத்தான் வெட்டிக் கட்டியிருக்கிறேன்.

பிறகு இடது கை. நாலே நாலு கார்ட், அதுவும் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு போகிற வரிசையில். சி கார்ட்: ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், மோதிர விரல், அவ்வளவுதான். நிறையப் பேர் ஆட்காட்டியை வைப்பார்கள், சுலபம் என்று, வேண்டாம். மோதிர விரல் அங்கே இருந்தால்தான் மற்ற இரண்டும் அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும். ஏ மைனர்: ஜி கம்பியில் இரண்டாவது, நடுவிரல், மோதிரத்தை எடுத்துவிடுங்கள். எஃப்: நடுவிரல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஈ கம்பியில் முதலாவதில் ஆட்காட்டி வந்து சேரட்டும். ஜி செவன்: இப்போது ஆட்காட்டி அசையாது, நடுவிரல் ஜி-யிலிருந்து சி கம்பியின் இரண்டாவதுக்கு நகர, மோதிரம் ஏ கம்பியின் இரண்டாவதில் இறங்கும். அங்கேயிருந்து மோதிரம் ஒரு ஃப்ரெட் சறுக்க, மற்றவை எழும்ப, திரும்ப சி. ஒவ்வொரு மாற்றத்திலும் எந்த விரல் அசையாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால், மாற்றுகிற வேலை பாதியாகிவிடும்.

மாறும்போது நேரம் போதவில்லை என்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. நாலு எண்ணுகிறீர்கள் அல்லவா, நாலாவது எண்ணுக்கே இடது கையைத் தூக்கிவிடுங்கள். வலது கை அந்த நாலாவதைச் சும்மா கம்பிகளில் அடிக்கும். ப ச க த என்ற அந்தச் சேர்க்கை எந்த நாராசமும் இல்லாமல் இனிமையாகத்தான் ஒலிக்கும், கேட்கிறவருக்குத் தெரியாது. அடுத்த ஒன்றுக்கு விரல் இறங்கட்டும். இறங்காவிட்டாலும் அடியுங்கள். ஊமையாக ஒரு சக் விழும், விழட்டும். பெரிய பெரிய ஆட்களே இந்த நாலாவது எண்ணில்தான் திருடுகிறார்கள்.

எவ்வளவு நேரம் என்றால், காலையில் பத்து நிமிடம், ராத்திரி பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அடிப்பவர் தேற மாட்டார், விரல் வலிதான் மிச்சம். வலி முதல் பத்து நாள் இருக்கும், நைலான் என்பதால் கிட்டார் அளவுக்கு வராது, வலித்தால் அன்றைக்கு வலது கை மட்டும். நான் வார்னிஷ் ஊற்றி காயில் காய்கிற நேரத்தில் கடையிலேயே அடிப்பேன், வாடிக்கையாளர் வந்தால் மோட்டாருக்குள் மறைத்துவைத்த காலம் உண்டு. நீங்களும் கடையில் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் பார்க்கலாம், முதலாளி யார் என்பதைப் பொறுத்து. வீட்டில் என் மனைவி முதல் மாதம், கொசு பேட் அடிக்கிற சத்தத்துக்கு இது தேவலை என்று மட்டும் சொன்னாள். அது பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.

கார்ட் சலித்துப்போகிற நாட்களில் ஒரு விளையாட்டு. நாலு கம்பியும் ப ச க த என்றேனே, மோகனத்துக்கு வேண்டியது ச ரி க ப த, அதாவது ரி மட்டும்தான் பாக்கி, அது சி கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. சி கம்பி சும்மா, அதிலேயே இரண்டாவது, ஈ சும்மா, அதிலேயே மூன்றாவது, ஏ சும்மா, அதிலேயே மூன்றாவது: ச ரி க ப த ச். மோகனம் ஏறிவிட்டீர்கள். சங்கீதம் ஒரு அட்சரம் தெரியாது என்ற ஆளுக்கு இதோ ஒரு ராகத்தின் ஆரோகணம். வீட்டில் யாராவது சின்னப் பிள்ளை பாட்டு கிளாஸ் போனால் சரளி வரிசையையும் இதில் போடலாம், மாயாமாளவகௌளைக்கு சி கம்பியில் 0, 1, ஈ கம்பியில் 0, 1, 3, 4, ஏ கம்பியில் 2, 3. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிற கமகம் எதிர்பார்க்காதீர்கள், ஃப்ரெட் அவ்வளவு நெருக்கம், நைலான் வளைத்தாலும் ஸ்வரம் கொஞ்சம்தான் நகரும். அதோடு சி-யை ஸட்ஜமாக வைத்தால் கீழ் ஸ்தாயிக்கு இடமே இல்லை, அதைவிடத் தாழ்ந்த கம்பி இதில் கிடையாது. வீணை வாசிக்கிற ஆசைக்கு இது மருந்து இல்லை என்று சொல்லிவைக்கிறேன்.

இப்போது உங்கள் அம்மா. கேள்வியில் இதுதான் முக்கியம், கஷ்டமும் இதில்தான்.

தாலாட்டு பாடுகிறவர்கள் எண்ணிப் பாடுவதில்லை. ஆராரோவை ஒரு நாள் நீட்டுவார்கள், ஒரு நாள் சுருக்குவார்கள், பிள்ளை கண்ணயர்கிற மாதிரி தெரிந்தால் இழுத்து மெதுவாக்குவார்கள். சினிமாப் பாட்டுக்குப் போடுகிற மாதிரி நாலு எண்ணி கார்ட் மாற்றிக்கொண்டு பின்னால் போனால் இரண்டாவது வரியிலேயே அம்மா ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். கார்டும் எல்லா இடத்திலும் பொருந்தாது, பழைய தாலாட்டு மெட்டுகள் பலவும் நாலைந்து ஸ்வரத்துக்குள்ளேயே ஆடுகிறவை, அதன் அடியில் எஃப், ஜி செவன் என்று மாற்றினால் அம்மாவுக்கே தன் பாட்டு அந்நியமாகக் கேட்கும்.

அதனால் தம்புரா மாதிரி வாசியுங்கள். ஜி-யும் சி-யும் சும்மா இருக்கட்டும், ஈ கம்பியில் மூன்றாவது, ஏ கம்பியில் மூன்றாவது. இப்போது நாலு கம்பியிலும் ப ச ப ச, வேறு எதுவும் இல்லை. இதைக் கட்டை விரலால் மேலிருந்து ஒவ்வொரு கம்பியாக உதிர்த்துவிடுங்கள், தொட்டில் போய் வருகிற வேகத்தில். இந்த ஒரு பிடி மொத்தப் பாட்டுக்கும் போதும்.

பிரச்சினை அம்மாவின் சுருதி ஒரு கட்டையாக இருக்காது என்பதுதான். பெண்கள் பெரும்பாலும் நாலரையிலிருந்து ஆறு கட்டைக்குள் பாடுவார்கள், எழுபதில் குரல் இறங்கியிருக்கும், எவ்வளவு என்பது ஆளைப் பொறுத்தது. சும்மா வேலை பார்த்துக்கொண்டே பாடும்போது போனில் பதிவு செய்யுங்கள், பாடு என்று உட்காரவைத்தால் குரல் ஏறிவிடும். வரி முடிகிற ரோ-வை எங்கே கொண்டுபோய் உட்காரவைக்கிறார்களோ அதுதான் பெரும்பாலும் ஸட்ஜம். அந்த இடத்தை ட்யூனருக்குக் கேட்கவையுங்கள். ஜி என்று காட்டினால் ஐந்து கட்டை, அதற்குப் பிடி 0, 2, 3, 5 என்று ஜி கம்பியிலிருந்து வரிசையாக. ஏ என்றால் ஆறு கட்டை, 2, 4, 0, 0. எஃப் என்றால் நாலு கட்டை, அதற்கு ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ என்ற கிளிப்பை மாட்டிக்கொண்டு முன்னால் சொன்ன பிடியையே அதற்கு மேல் பிடிக்கலாம். டி, ஈ எல்லாம் அப்படியே, கேப்போ இரண்டில், நாலில். இரண்டு மூன்று தடவை வேறு வேறு நாளில் பதிவு செய்து பாருங்கள், ஒரு நாளைப் போல் ஒரு நாள் இருக்காது, அரைக் கட்டை முன்னே பின்னே வரும்.

தாளம் என்று ஏதாவது போடத்தான் வேண்டும் என்று தோன்றினால் தகிட தகிட. ஆட்டத்துக்கு அதுதான் ஒட்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. கையைக் கீழ் மேல் கீழ் மேல் என்றே விட்டால் முதல் த கீழ் வீச்சில் விழும், இரண்டாவது தகிடவின் த மேல் வீச்சில் வந்து மாட்டிக்கொள்ளும், அழுத்தம் கிடைக்காமல் தொங்கும். பழகினவர்கள் அதையே அழகாக்குவார்கள், நீங்கள் கீழ், கீழ், மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு த-வும் கீழே விழும்.

அம்மாவுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டு அன்றைக்குத் திடீரென்று வாசிக்கலாம் என்று நினைத்திருந்தால், தயவுசெய்து வேண்டாம். ஆடி பிறந்ததிலிருந்து வாரம் இரண்டு நாள் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ப ச-வை மட்டும் மீட்டிக்கொண்டிருங்கள், பாடச் சொல்லாதீர்கள். தபால் ஆபீஸ் அக்கா தன் மாமியாரிடம் இப்படித்தான் செய்தார். மூன்றாவது நாள் கிழவி வெற்றிலையை இடித்துக்கொண்டே உலக்கைச் சத்தத்தோடு தானாக எடுத்துவிட்டார், இவருக்குத்தான் பின்தொடர முடியாமல் வியர்த்துவிட்டது. பாடுகிறவரின் வாயைப் பாருங்கள், மூச்சு இழுக்கிற இடத்தில் வேகத்தைக் குறையுங்கள், விரலைப் பார்க்காதீர்கள்.

சொல்லித்தர ஆள் இல்லை என்றீர்கள். பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை எவ்வளவு தூரம்? அங்கே எந்தக் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவைக் கேட்டாலும் கிட்டார் வாசிக்கிற பையன் ஒருவன் இருப்பான். கிட்டாரின் கீழ் நாலு கம்பியில் பிடிக்கிற வடிவங்கள்தான் யுகுலேலேயிலும், பெயர் மட்டும் மாறும், அவன் டி என்று பிடிப்பது இதில் ஜி. மாதத்தில் ஒரு நாள் அவனிடம் காட்டி, மணிக்கட்டு சரியாக இருக்கிறதா, தோள் தூக்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வீடியோ பார்த்தால் ஒரே ஒருவருடையதைப் பாருங்கள், பத்துப் பேரைப் பார்த்தால் பத்து முதல் பாடம்தான் படித்திருப்பீர்கள்.

வெயிலில் நிறுத்தின காருக்குள்ளும் பைக் பெட்டிக்குள்ளும் வைத்துவிட்டுப் போகாதீர்கள், பசை இளகும். ஆனி ஆடியில் சாரல் காற்று அடிக்கும்போது சுருதி கொஞ்சம் நகரும், திருகிக்கொள்ளுங்கள். உங்கள் மகளுடையது பிளைவுட் உடம்பாகத்தான் இருக்கும், முழு மரத்தைவிட நம் ஊர்க் காற்றுக்கு அதுவே தாங்கும், விலை குறைவு என்று வருத்தப்பட வேண்டாம்.

முதல் வேலையாக விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நுழைந்தால் ஒரு நாள் அம்பைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள், கிளாம்ப் இருக்கிறது. அம்மாவின் பதிவு கிடைத்ததும் ரோ எந்த எழுத்தில் வந்து நிற்கிறது என்று எழுதுங்கள், பிடி எப்படி என்று படம் போட்டு அனுப்புகிறேன்.